2019இல் மட்டும் காசு இல்லாமலா இருந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றி அரைப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். உதைக்கிற ஃபுட்பால் இல்லை, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மோதுகிற ஃபுட்பால். தமிழ்ப் பத்திரிகையில் அந்த ஆட்டத்துக்கு இவ்வளவு இடம் கிடைப்பதே அபூர்வம் என்பதால் சந்தோஷமாகப் படிக்க ஆரம்பித்து, எரிச்சலோடு முடித்தேன். மாணவ வீரர்களுக்குக் காசு கொடுக்க ஆரம்பித்ததும், நினைத்த நேரத்தில் கல்லூரி மாறலாம் என்று விட்டதும்தான் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார் கட்டுரையாளர். சரி, அது ஒரு கருத்து, இருக்கட்டும். ஆனால் காசு கலக்காத கடைசிப் பொற்காலம் என்று அவர் எடுத்துக்காட்டியது லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின், அதாவது எல்எஸ்யூவின், 2019 அணியை. வேறு எந்த அணியைச் சொல்லியிருந்தாலும் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பேன். அந்த வருஷம் நான் அங்கேதான், பாட்டன் ரூஜில், அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன்.

முதலில் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் சொல்லவருவது புரியாது. மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் மாநிலத் தலைநகரம். ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்து இரண்டாயிரம் பேர் உட்காரலாம். அதற்கு எதிரிலேயே மரம், குளம் எல்லாம் வைத்துக் கட்டிய ஓர் இடத்தில் நிஜமான புலி ஒன்று இருக்கிறது, பெயர் மைக், அந்தப் பெயரில் ஏழாவது புலி. சனிக்கிழமை ஆட்டம் என்றால் முந்தின நாளே வேன்களும் வண்டிகளும் வந்து வளாகத்துப் புல்வெளிகளைப் பிடித்துக்கொள்ளும். ஆளுயரத் துடுப்பால் கிளறுகிற பெரிய இரும்புச் சட்டிகளில் ஜம்பாலயா வேகும் (நம்ம பிரியாணிக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்). முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டுத் தட்டில் போட்டுக் கொடுப்பார்கள். டிக்கெட் கிடைக்காதவர்கள், என்னையும் சேர்த்து, ஸ்டேடியத்துக்கு வெளியே யாரோ கொண்டுவந்து வைத்த டிவியின் முன்னால் நின்று பார்ப்போம். உள்ளே எழும் சத்தம் முதலில் காதுக்கு வரும், சில நொடி கழித்துத்தான் டிவியில் அந்த ஆட்டம் தெரியும். அதனால் வெளியே நிற்பவர்களுக்கு டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) ஆகப்போவது முன்கூட்டியே தெரிந்துவிடும், ஆனாலும் கத்துவோம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும்: நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. யாருக்குப் பந்தைக் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று களத்தில் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். 2019இல் எல்எஸ்யூவுக்கு அது ஜோ பர்ரோ.

இப்போது கட்டுரையாளரின் ஒரு குற்றச்சாட்டுக்கு வருகிறேன், வீரர்கள் கல்லூரி மாறுவது ஆட்டத்தைக் கெடுத்தது என்கிறாரே, அந்தப் பொற்காலத்தின் நாயகன் பர்ரோவே இன்னொரு கல்லூரியிலிருந்து வந்தவர்தான். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அதிகம் ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை, 2018இல் பட்டம் வாங்கிக்கொண்டு எல்எஸ்யூவுக்கு வந்தார். பட்டம் வாங்கியதால்தான் வந்த உடனே ஆட முடிந்தது. அன்றைய விதிப்படி படிப்பு முடியாமல் மாறுகிறவர் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். அதே அணியில் டைட் எண்டாக (எதிராளியை மறிக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்கிற இடம்) ஆடிய தாடியஸ் மாஸ் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வந்தவர், அவர் அப்படித்தான் 2017 முழுக்க உட்கார்ந்தார். இறுதிப் போட்டியில் இரண்டு டச்டவுன் அடித்தது அவர். பயிற்சியாளருக்கு இந்த மாதிரி விதி எதுவும் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து அந்த ஒரு சீசனுக்கு வந்தார், இறுதிப் போட்டி முடிந்த கையோடு கரோலினா பேந்தர்ஸ் என்ற இன்னொரு தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். ஒரு வருஷம் கூட உட்காரவில்லை, யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவும் இல்லை.

பிரேடி என்ன செய்தார் என்பது தனியாகச் சொல்ல வேண்டிய விஷயம். அதற்கு முன்பு எல்எஸ்யூ என்றால் ஆட்களை நெருக்கமாக நிறுத்தி, பந்தைக் கையில் கொடுத்து, முட்டி மோதி மூன்று கஜம் நான்கு கஜம் என்று நகர்கிற அணி. 2018இல் அலபாமாவிடம் 29-0 என்று சொந்த ஊரிலேயே அடி வாங்கியது அப்படித்தான். அடுத்த வருஷம் அதே பர்ரோ, பெரும்பாலும் அதே ஆட்கள், ஆனால் ஐந்து பேரைக் களத்தின் அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்திவிட்டார்கள். எதிரணி எல்லாரையும் காவல் காக்கப் பரவினால் நடுவில் வழி திறக்கும், நடுவை அடைத்தால் ஓரத்தில் எறிகிற பந்தைப் பிடிப்பவர்களான ஜமார் சேஸோ ஜஸ்டின் ஜெஃபர்சனோ தனியாக நிற்பார்கள். எதைச் செய்வது என்பதைப் பந்து கைக்கு வந்த பிறகு பர்ரோ பார்த்து முடிவு செய்வார். 2018இல் அவர் எறிந்த டச்டவுன் 16. 2019இல் 60, அன்றைக்கு அது சாதனை. எறிந்ததில் நூற்றுக்கு 76 பந்து சரியான கையில் போய் விழுந்தது.

செப்டம்பர் 7, டெக்சஸுக்கு எதிராக ஆஸ்டினில் நடந்த ஆட்டத்தில்தான் எங்களுக்கு இது வேறு மாதிரியான வருஷம் என்று உறைத்தது. ஆட்டம் முடிய மூன்று நிமிஷம் கூட இல்லை, ஆறு புள்ளி முன்னிலை, மூன்றாவது முயற்சி, 17 கஜம் போக வேண்டும். பழைய எல்எஸ்யூவாக இருந்தால் பேசாமல் ஓடி, கடிகாரத்தைக் கரைத்து, பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுத்துவிட்டுத் தடுப்பாட்டத்தை நம்பியிருக்கும். பர்ரோ பின்னால் போனார், ஒருத்தன் பாய்ந்து வந்தான், அவன் கைக்கு எட்டாமல் ஒரு எட்டு நகர்ந்து, காலைச் சரியாக ஊன்றக்கூட நேரமில்லாமல் ஜெஃபர்சனுக்கு எறிந்தார், 61 கஜம், டச்டவுன். 45-38 என்று முடிந்தது. என் அறையில் உட்கார்ந்து பார்த்த, அந்த ஆட்டத்தின் விதி ஒன்றுகூடத் தெரியாத ஈரோட்டு நண்பன் கூட எழுந்து நின்றுவிட்டான்.

அப்புறம் நவம்பர் 9, அலபாமா. 2012 ஜனவரியிலிருந்து எல்எஸ்யூவை எட்டு முறை தொடர்ந்து தோற்கடித்த எதிரி. அவர்கள் ஊரிலேயே போய் 46-41. ஜார்ஜியாவை 37-10, ஓக்லஹோமாவை 63-28, கடைசியாக 2020 ஜனவரி 13 அன்று நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில் 29 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து வந்த நடப்புச் சாம்பியன் கிளெம்சனை 42-25. பதினைந்துக்குப் பதினைந்து. இறுதிப் போட்டிக்காகப் பல்கலைக்கழகமே வகுப்புகளை ரத்து செய்தது. நடந்தாலும் யார் போயிருப்பார்கள்.

சரி, காசு. அந்த வருஷம் காசு கலக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் புரியவே இல்லை. சாம்பியனைத் தீர்மானிக்கும் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃப் ஆட்டங்களைக் காட்டுவதற்கு மட்டும் ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சி அப்போது ஆண்டுக்குச் சுமார் 47 கோடி டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் எட் ஓர்ஜெரானுக்குச் சம்பளம் சுமார் 40 லட்சம் டாலர். தடுப்பாட்டப் பயிற்சியாளர் டேவ் அரண்டாவுக்கு 25 லட்சம். கோப்பை வந்ததும் ஓர்ஜெரானுக்கு ஆறு வருஷத்துக்கு 4.2 கோடி டாலரில் புது ஒப்பந்தம். ஜமார் சேஸுக்கு? படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், கொஞ்சம் கைச்செலவு. தன் கையெழுத்தை ஒரு டாலருக்கு விற்றால் கூட அவரை ஆட விடாமல் தடை செய்துவிடுவார்கள், அதுதான் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி.

வளாகத்துக் கடையில் 9ஆம் எண், அதாவது பர்ரோவின் எண், போட்ட ஊதா ஜெர்சி தொங்கும். முதுகில் பெயர் இருக்காது, ஏனென்றால் பெயர் போட்டால் வீரரை வைத்து வியாபாரம் செய்வதாக ஆகிவிடும். எண் மட்டும் போட்டால் அது யாரோ ஒரு 9. வாங்குகிற எல்லோருக்கும் யார் என்று தெரியும், விற்கிறவருக்கும் தெரியும், வரிசையில் நின்று பில் போடும் பெண்ணுக்கும் தெரியும், காசு மட்டும் அந்த 9 பக்கம் போகாது. நவம்பர் 30 அன்று சொந்த ஊரில் கடைசி ஆட்டத்துக்குப் பர்ரோ தன் பெயரை லூசியானாவின் பிரெஞ்சு வழக்கில் எழுத்து மாற்றிப் போட்ட ஜெர்சியுடன் ஓடி வந்தார், ஊரே அழுதது. மறுநாளே ஆளாளுக்கு அதே எழுத்து போட்ட டிஷர்ட்டோடு திரிந்தார்கள். யார் அச்சடித்து விற்றார்களோ அவர்களுக்கு நல்ல காசு.

இன்னொன்றையும் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. அவர் வெறுக்கிற அந்த மாற்றம் தொடங்கியதே அந்த சீசனுக்கு நடுவில்தான். எல்எஸ்யூ முதல் நான்கு ஆட்டம் ஜெயித்துவிட்டு ஒரு வாரம் ஓய்வில் இருந்தது, அந்த வாரம் முடிந்து திங்கட்கிழமை, செப்டம்பர் 30, கலிஃபோர்னியா ஆளுநர் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்ற சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அலபாமா ஆட்டத்துக்கு முன்பு இருந்த இன்னொரு இடைவெளியில், அக்டோபர் 29, என்சிஏஏவே வேறு வழியில்லாமல் விதியை மாற்றுவதாகச் சொன்னது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் என்சிஏஏவுக்கு எதிராக ஒன்பதுக்கு ஒன்பது என்று தீர்ப்புக் கொடுத்தது. ஜூலை 1 முதல் வீரர்கள் விளம்பரத்தில் நடிக்கலாம், கையெழுத்து விற்கலாம். 2025 ஜூனில் வந்த சமரசத் தீர்ப்பின்படி ஒரு பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம், 2016 முதல் ஆடியவர்களுக்குப் பழைய பாக்கியாகச் சுமார் 280 கோடி டாலர் பத்து வருஷத்தில் போய்ச் சேர வேண்டும். நீங்கள் பொற்காலம் என்று எழுதிய அந்த வருஷமும் அந்தப் பாக்கிக் கணக்குக்குள்தான் வருகிறது.

இறுதிப் போட்டி முடிந்த இரவு நடந்த ஒரு கூத்து. எல்எஸ்யூவின் பழைய நட்சத்திரம் ஓடெல் பெக்கம் ஜூனியர் களத்துக்குள் இறங்கி வீரர்கள் கையில் நோட்டுக் கத்தையைத் திணித்தார், எல்லா கேமராவும் பார்த்துக்கொண்டிருந்தது. அது நிஜப் பணம் இல்லை, விளையாட்டு நோட்டு என்று முதலில் விளக்கம் வந்தது. பர்ரோ ஒரு பேட்டியில், தான் இனிமேல் மாணவ வீரர் இல்லை அதனால் சொல்லலாம் என்கிற மாதிரி, நிஜப் பணம்தான் என்று போட்டு உடைத்தார். பெக்கம் இரண்டு வருஷத்துக்கு எல்எஸ்யூ விளையாட்டு வளாகத்துக்குள் வரக்கூடாது என்று தடை. நாட்டுக்கே அந்த அணி ஒரு பெரிய வேடிக்கை காட்டி முடித்த அன்றைக்கு, அவர்கள் கைக்கு நேரடியாக வந்த ஒரே காசு அதுதான், அதற்கும் விசாரணை.

காசு வந்தால் அர்ப்பணிப்பு போய்விடும் என்று ஒரு வரி வருகிறது கட்டுரையில். இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஸ்டீவ் என்ஸ்மிங்கர் என்று ஒருவர், பாட்டன் ரூஜ்காரர், எல்எஸ்யூவிலேயே குவாட்டர்பேக்காக ஆடியவர், 2019இல் தாக்குதல் ஆட்டத்தின் பயிற்சியாளர். மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து அடுத்து என்ன ஆட வேண்டும் என்று பெரும்பாலும் களத்துக்குச் சொல்பவர் அவர். டிசம்பர் 28, ஓக்லஹோமாவுக்கு எதிரான அரையிறுதி அட்லாண்டாவில். அந்த ஆட்டத்தைப் பார்க்க அவருடைய மருமகள் வந்த சின்ன விமானம் அன்று காலை லூசியானாவில் லஃபாயெட்டில் கிளம்பிய சில நிமிஷத்தில் விழுந்து நொறுங்கியது. ஐந்து பேர் இறந்துபோனார்கள், அந்தப் பெண்ணும். செய்தியை என்ஸ்மிங்கரிடம் சொன்னது ஓர்ஜெரான்தான். சில மணி நேரம் கழித்து அந்த மனிதர் மேலே அறைக்குப் போய் உட்கார்ந்தார், வழக்கம்போல ஆட்டத்தை நடத்தினார். முதல் பாதியிலேயே பர்ரோ ஏழு டச்டவுன் எறிந்தார். என்னால் அந்த ஆட்டத்தை இன்று வரை முழுசாகத் திரும்பப் பார்க்க முடியவில்லை, ஒவ்வொரு டச்டவுனுக்கும் கேமரா மேலே அந்த அறையைத் தேடும். என்ஸ்மிங்கர் சம்பளம் வாங்குகிறவர். நல்ல சம்பளம். அன்று அவர் அந்த நாற்காலியில் இருந்ததற்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம்? அறுபதைத் தாண்டிய பயிற்சியாளர் காசும் வாங்கிக்கொண்டு உயிரையும் கொடுத்து வேலை செய்வார் என்று நம்புகிறவர்களுக்கு, இருபது வயதுப் பையன் காசு வாங்கினால் மட்டும் ஏன் சந்தேகம் வருகிறது?

பர்ரோவின் ஊரைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி இல்லை. ஒஹாயோவின் தென்கிழக்கு மூலையில் ஏத்தன்ஸ் மாவட்டம், வறுமை அதிகம். டிசம்பர் 14 அன்று, கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் விருது மேடையில், பள்ளி விட்டு வீட்டுக்குப் போனால் சாப்பாடு இல்லாத பிள்ளைகள் தன் ஊரில் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இங்கே நிற்கிறேன் என்று அழுதுகொண்டே பேசினார். ஊர்க்காரர் ஒருவர் இணையத்தில் நிதி திரட்ட ஆரம்பிக்க, அந்த ஊரின் இலவச உணவு வழங்கும் மையத்துக்குச் சில நாளில் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. ஒரு பையன் சில நிமிஷம் பேசினால் ஐந்து லட்சம் டாலர் வருகிறது என்றால் அவன் பெயருக்குச் சந்தையில் என்ன மதிப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு அந்தப் பெயரை அவர் தனக்காக விற்றிருந்தால் குற்றம்.

அவர் பிழைத்துக்கொண்டார், அது வேறு. 2020 ஏப்ரலில் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக சின்சினாட்டி அணி எடுத்தது, நான்கு வருஷத்துக்குச் சுமார் 3.6 கோடி டாலர். அதே நவம்பரில் முழங்கால் தசைநார் அறுந்து சீசன் முடிந்தது. இது ஒரு வருஷம் முன்பு, எல்எஸ்யூ சட்டையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. அந்த அணியிலிருந்து 14 பேரை அந்தத் தேர்விலேயே தொழில்முறை அணிகள் எடுத்துக்கொண்டன, ஐந்து பேர் முதல் சுற்றிலேயே. மற்றவர்கள்? இறுதிப் போட்டியில் இரண்டு டச்டவுன் அடித்த மாஸை எந்த அணியும் தேர்வில் எடுக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்களையும், பயிற்சியில் தினமும் முட்டு வாங்கிக்கொண்டே இருந்தவர்களையும் சொல்லவே வேண்டாம். அவர்கள் வாழ்நாளில் அவர்களுடைய பெயருக்கு மதிப்பு இருந்த ஒரே வருஷம் அதுதான், அந்த வருஷம் விற்கக் கூடாது என்று விதி.

இப்போது இருக்கிற நிலைமை அழகாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பணக்கார நன்கொடையாளர்கள் ஏலம் எடுக்கிற மாதிரிதான் நடக்கிறது, பங்கில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போய்விடுகிறது, பெண்கள் அணிகளுக்கு மிச்சம் மீதி. நீச்சல், டென்னிஸ் மாதிரியான அணிகளைக் கலைக்கும் கல்லூரிகளும் உண்டு. மாணவர் விசாவில் வந்து ஆடுகிற வெளிநாட்டு வீரர்கள் இன்னும் இந்தக் காசைத் தொடப் பயப்படுகிறார்கள், வளாகத்துக்கு வெளியே ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் விசா போய்விடும் என்ற பயத்தில் வருஷக்கணக்காக இருந்த எனக்கு அந்த வேதனை நன்றாகவே தெரியும். ஆனால் இதெல்லாம் ஒழுங்கான ஒப்பந்தமும் சங்கமும் இல்லாததால் வருகிற குழப்பம். தொழிலாளிக்குக் கூலி கொடுத்தால் தொழில் கெடும் என்பது வேறு வாதம், அதை ஃபுட்பாலுக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு தகவல். 2020இல் எல்எஸ்யூ ஐந்து வெற்றி ஐந்து தோல்வி. 2021 அக்டோபரில் ஓர்ஜெரானை அனுப்புவதாக அறிவித்தார்கள், கோப்பை வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஒப்பந்தத்தை முறித்ததற்கு ஈடாக அவருக்கு 1.69 கோடி டாலர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, பையூ லாஃபூர்ஷ் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த, கரகரத்த குரலில் பேசுகிற அந்த மனிதரை ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும், வாங்கட்டும். வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு கொடுக்கக் காசு இருந்த இடத்தைத்தான் உங்கள் கட்டுரையாளர் காசு கலக்காத இடம் என்கிறார்.

ஜனவரி மாதம் அடுத்த இறுதிப் போட்டி வரும், இந்திய நேரப்படி செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். அதைப் பற்றியும் எழுதுங்கள், தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். எழுதுகிறவர் அதற்குள் அந்த 2019 ஓக்லஹோமா ஆட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டால் நல்லது.

இப்படிக்கு,
பாட்டன் ரூஜில் படித்த உங்கள் வாசகன்